தென்னை நிழலில் விளையும் சாக்லேட்

நோயாளரைக் காண வருவோர் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு சாக்லேட் பெட்டியும் இருப்பது கல்லலிலும் வழக்கமாகிவிட்டது. அதன் மூலப்பொருளான கொக்கோவின் தாயகம் அமேசான் காடுகள். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார், மணத்துக்குப் பெயர்பெற்ற கிரியோல்லோ வகையை அம்போன் தீவிலிருந்து கொணர்ந்து குற்றாலத்தில் நட்டனர். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது.

பழத்தைப் பிளந்தால் வெண்சதைக்குள் கொட்டைகள் இருக்கும். அவற்றைச் சதையோடு மரப்பெட்டிகளில் இட்டு ஐந்தாறு நாள் புளிக்க வைப்பர். தோசை மாவைப் போலவே சுவைக்கு அடிப்படை இந்தப் புளித்தல்தான். பின்னர் வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி, கல்லில் பல மணி நேரம் அரைப்பர். வெளிநாட்டுச் சிறு தயாரிப்பாளர் பலர் பயன்படுத்தும் அரவை இயந்திரம், நம் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரின் மாற்று வடிவமே. ஆச்சிமார் அறிந்தால் மகிழ்வர்!

உறையில் 70 சதவீதம் என்றிருந்தால் அது கொக்கோவின் பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கரை. கறுப்புச் சாக்லேட் என்பதாலேயே நீரிழிவு உள்ளவர் அளவின்றி உண்ணலாகாது. சிறுநீரக நோயுள்ளோர், அதிலுள்ள பொட்டாசியம், பாஸ்பரசு காரணமாக, மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

உடனிருப்போர் ஒன்றை மறவாதீர்கள். நீரிழிவு நோயாளருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் கண்டால் சாக்லேட் தர வேண்டாம். அதன் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவோடு விழுங்கக்கூடியவராயின், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.