பெய்யாத மழை

மலையிடம் போய் இன்னொரு தடவை சரிந்து காட்டு என்று கேட்க முடியாது. மண்சரிவு எச்சரிக்கைக்கு மென்பொருள் எழுதுகிறவரின் முதல் சங்கடம் இதுதான். வங்கி மென்பொருளில் பிழை இருந்தால் அன்று மாலைக்குள் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். எச்சரிக்கை மென்பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது உண்மையில் வேலை செய்யவேண்டிய இரவு பத்து வருடத்துக்கு ஒரு தடவை வரலாம். வரும்போது கரண்ட் இருக்காது, சிக்னல் இருக்காது, எழுதியவர் கொழும்பில் நல்ல தூக்கத்தில் இருப்பார்.

இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தயில், அந்த இரவு காலையில் வந்தது. 2014 ஒக்டோபர் 29, ஏழரை மணி வாக்கில், மழையில் ஊறிக் கிடந்த சரிவு இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஆகவே தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்ததற்கும் லயனைக் காலி செய்வதற்கும் நடுவில் காணி, வீடு, பணம், நிர்வாகம் என்று பெரிய பெரிய ஓட்டைகள் கிடந்தன. இந்தக் கட்டுரை அவற்றைவிடச் சின்ன ஓட்டை ஒன்றைப் பற்றியது: செய்தியைக் கொண்டுபோகும் வலையமைப்பு. சின்னதுதான். ஆனால் மற்றதெல்லாம் சரியாக இருந்து இது மட்டும் அறுந்தாலும் விளைவு ஒன்றே.

மலைநாட்டில் எச்சரிக்கை மழைமானியில் தொடங்குகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. 100 என்றால் வெளியேறத் தயாராகு. 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று செய்தியில் வாசிப்பது இந்தப் படிகளை ஒட்டித்தான்.

தானியங்கி மழைமானியைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு எளிமை. மேலே ஒரு புனல். கீழே, நடுவில் அச்சு குத்திய இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் நிறைந்ததும் பாரத்தில் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். மறுபக்கம் புனலுக்கு நேரே வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்வின்போதும் ஒரு காந்தம் சின்ன சுவிட்சைக் கடந்து போகும்: டிக். புனலின் வாய் 20 சென்றிமீற்றர், ஒரு சாய்வு 0.2 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொண்டால், ஒரு கிண்ணத்தில் பிடிப்பது 6.3 மில்லிலீற்றர் தண்ணீர். 150 மில்லிமீற்றருக்கு 750 டிக். இந்த எண்ணிக்கையை மானிக்குள் இருக்கும் சிம் அட்டை டவருக்குச் சொல்லவேண்டும். டவர் அடுத்த மலை டவருக்கு, அது சேர்வருக்கு. சேர்வர் கணக்குப் பார்த்து, அதே வழியில் திரும்பி, ஒரு தோட்டத்துச் சைரனுக்கும் சில நூறு கைப்பேசிகளுக்கும் செய்தி சொல்லவேண்டும்.

இதில் ஒரு குரூரம் இருக்கிறது. எந்த மழையை அளக்க இதெல்லாம் வைத்தோமோ அந்த மழையே வழியை அடைக்கும். மலைக்கு மலை டவர்களை இணைக்கும் நுண்ணலைகள் கனமழையில் தேய்ந்துபோகும். மின்கம்பி அறும், டவரின் பற்றரி இறங்கும். கேரளத்தில், மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு தேயிலைத் தொழிலாளர்களின் லயன்கள் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். கரண்டும் சிக்னலும் இல்லாததால் வெளியுலகத்துக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அங்கேயும் இறந்தவர்கள் தோட்டத் தமிழர்களே.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? டவரை நிறுத்திவைத்துப் பார்க்க எந்தத் தொலைபேசிக் கம்பனியும் விடாது. நூறு மழைமானி வாங்கி மேசையில் அடுக்கவும் காசில்லை. இங்கேதான் சாதாரண மடிக்கணினி ஒன்று தன் வித்தையைக் காட்டுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில், 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பு முதல், வலையமைப்பையே துண்டு துண்டாகப் பிரித்துவைக்கும் வசதி உண்டு. ஒரு கட்டளை கொடுத்தால் கணினிக்குள் ஓர் அறை பிறக்கும். அந்த அறைக்குள் ஓடும் நிரலுக்குத் தனி முகவரி, தனி வழித்தட அட்டவணை, தனிக் காவல் விதிகள். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தான் தனிக் கணினி என்றே நம்பும். அறைக்கும் அறைக்கும் நடுவே இரட்டை முனை கொண்ட மாயக் கம்பி ஒன்றைப் போடலாம். லயன் பீலியைப் போல, ஒரு முனையில் விட்டது மறுமுனையில் அப்படியே கொட்டும். நூறு அறைக்கு மழைமானி என்று பெயர் வைத்து, நான்கை டவராக்கி, ஒன்றைச் சேர்வராக்கிக் கம்பி போட்டால், மீரியபெத்த முதல் பூணாகலை வரைக்கும் ஒரு மலைத்தொடர் சில விநாடிக்குள் மடியில் எழுந்து நிற்கும். 2010இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட மினிநெட் என்னும் கருவி இந்தக் கட்டட வேலையைச் சில வரிகளில் முடித்துத் தருகிறது.

ஆனால் இப்படிக் கட்டியது மிகவும் நல்ல வலையமைப்பு. நம் மலையில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அடுத்த வேலை அதைக் கெடுப்பது. நெட்எம் என்னும் கருவியைக் கம்பியின் வாயில் உட்காரவைத்தால், போகிற தரவுப் பொதிகளை 800 மில்லிவிநாடி பிடித்துவைக்கும், நூற்றில் இருபதை விழுங்கும், வரிசை மாற்றும், ஒன்றை இரண்டாக்கும். வெறும் விகிதக் கணக்கில் விழுங்குவது போதாது. மழை அப்படிச் சீராகக் கெடுப்பதில்லை. பத்து நிமிடம் எல்லாம் போகும், பிறகு நாற்பது விநாடி எதுவுமே போகாது. இதற்கு 1960இல் பெல் ஆய்வுக்கூடத்தின் எட்கர் கில்பர்ட் ஒரு கணக்கு எழுதி வைத்தார்: கம்பிக்கு நல்ல நிலை, கெட்ட நிலை என இரண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ ஒரு நிகழ்தகவு. தொலைபேசிக் கம்பிக்காக எழுதிய அந்தக் கணக்கை நெட்எம் இன்றைக்கும் பயன்படுத்துகிறது.

இப்படிக் கெடுத்துப் பார்க்கும்போதுதான் பிழைகள் தலை நீட்டும். ஒன்றைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு டவர் சாகிறது. மானி விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. காலை நான்கு மணிக்கு டவர் உயிர்த்ததும், ஆறு மணி நேரத்து 90 மில்லிமீற்றரையும் ஒரே மூச்சில் அனுப்புகிறது. சேர்வர், பெய்த நேரத்தைப் பார்க்காமல் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தால், ஒரே மணி நேரத்தில் 90 கொட்டியதாக நினைத்துச் சிவப்பைக் கூவும். இது பொய் எச்சரிக்கை. இதைவிடக் கொடியது இதே இரவில் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே இருக்கிறது: மானி பேசவில்லை, அதனால் மழை பூச்சியம் என்று எழுதிக்கொள்ளும் சேர்வர். எழுதியவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். வராத எண்ணுக்குப் பதில் 0 போடும் பழக்கம் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். டவர் அறையின் கம்பியை ஆறு மணி நேரம் பிடுங்கிவைத்தால்தான் அது பிடிபடும். நிரலின் கடிகாரத்தை வேகமாக ஓட்டினால் அந்த ஆறு மணி நேரம் அரை நிமிடத்தில் முடியும்.

நம் மொழியிலும் ஒரு பொறி உண்டு. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் 160 எழுத்துப் பிடிக்கும்; தமிழுக்கு 70 குறியீடுதான். மீரியபெத்த என்பதைக் கண் ஆறு எழுத்தாகப் படிக்கிறது. கணினிக்கு அது பத்து. கொம்பும் புள்ளியும் சுழியும் தனித்தனிக் கணக்கு. செய்தி நீண்டால் துண்டுக்கு 67 ஆகக் குறையும். "உடனே வெளியேறிப் பாடசாலைக்குப் போங்கள்" என்று ஊர்ப்பேருடன் மரியாதையாக 150 குறியீட்டில் சொன்னால் மூன்று துண்டு. ஒவ்வொன்றும் தொலைய நூற்றில் பத்து வாய்ப்பு, திரும்ப அனுப்புவதும் இல்லை என்றால், மூன்றும் முழுதாகச் சேர்வது நூற்றில் 73 தடவை மட்டும். ஆங்கிலத்தில் அதே செய்தி ஒரே துண்டு: 90. சோதனைச் செய்தியை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பிப் பார்க்கிறவருக்கு இது ஒருநாளும் தெரியவராது.

கட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இடிப்பதில்தான் தொழில் தெரியும் என்பது என் கட்சி. முதல் சோதனையின் எச்சம் இரண்டாவது சோதனைக்குள் கசிந்தால், வருகிற முடிவு எந்த மலையைப் பற்றியது என்று சொல்ல முடியாது. நேற்றுப் போட்ட நெட்எம் இன்னும் ஒரு கம்பியில் உட்கார்ந்திருக்கலாம். தரவுத்தளத்தில் நேற்றைய மழை கிடக்கலாம். சேர்வரை நிறுத்தி உடனே எழுப்பினால், அந்த முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கலாம். காரணம், வழியில் தாமதித்த பொதி ஏதும் புதிய உரையாடலுக்குள் தவறி நுழையாதிருக்க, மூடிய இணைப்பை லினக்ஸ் 60 விநாடி நினைவில் வைத்திருக்கும்.

அறையைக் கலைத்தால் உள்ளே பிறந்தவை எல்லாம் தாமாக மறையும். மாயக் கம்பியின் ஒரு முனை போனால் மறுமுனையும் அக்கணமே இல்லாமல் போகும். இரவல் வாங்கி உள்ளே வைத்த நிஜமான வலையட்டை மட்டும் அழியாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இந்த ஒழுங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. ஆனால் ஒரு நிபந்தனை: உள்ளே ஒரே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் அறை சாகாது. பெயர்ப் பட்டியலில் அது இராது, தேடினால் எளிதில் அகப்படாது, ஆனால் ஒரு போலி மழைமானி இருட்டில் டிக், டிக் என்று எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் நல்ல சோதனை நிரல்கள், நடுவில் தடுக்கி விழுந்தாலும் கலைப்பு வேலை கட்டாயம் நடக்கும்படி எழுதப்படுகின்றன. தொடக்கத்திலும் ஒரு தடவை கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் கட்டத் தொடங்குகின்றன.

எச்சம் கணினியைத் தாண்டி வெளியே போனால் இன்னும் மோசம். அதற்கென்றே உலகம் சில முகவரிகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறது. 198.18, 198.19 என்று தொடங்கும் 1,31,072 முகவரிகளை 1999இல் சோதனைக்கு ஒதுக்கியது பதிவில் இருக்கிறது. அங்கே குடியிருப்போர் யாரும் இல்லை. தவறிப்போன பொதி யார் கதவையும் தட்டாது. எச்சரிக்கைச் செய்திகளுக்கான பொது நெறிமுறையிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இது நிஜமா, ஒத்திகையா, அமைப்புகளுக்குள்ளான பேச்சா, சோதனையா, வரைவா என்று குறிக்கவேண்டும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதை ஹவாய் மக்கள் அறிவார்கள். 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு, ஏவுகணை வருகிறது என்று அவர்களின் கைப்பேசிகள் அலறின. நடந்துகொண்டிருந்தது ஒத்திகை. பொய் என்ற மறுசெய்தி வர 38 நிமிடம் ஆனது.

மடிக்கணினி மலைக்கு எல்லை இருக்கிறது. சைரனின் தொண்டையில் குளவி கூடு கட்டுவது அதற்குத் தெரியாது. சுனாமிக்குப் பிறகு, 2006, 2007இல், சர்வோதயம், லர்ன்ஏசியா என்னும் அமைப்புகள் இலங்கையின் 32 கரையோரக் கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளை நேரிலேயே ஓட்டிப் பார்த்தன: செய்மதி வானொலி, கைப்பேசி, நிலையான தொலைபேசி, தொலைவிலிருந்து இயக்கும் அலாரம் என்று. எந்த ஒரு கருவியையும் தனியே நம்ப முடியவில்லை. ஒன்று தவறும் இடத்தில் மற்றது கைகொடுக்கும்படி சேர்த்துவைத்தபோது நிலைமை தேறியது. தோட்டத்துக்கு அந்த இரண்டாவது கருவி கோயில் ஒலிபெருக்கியாக இருக்கலாம், பற்றரி போட்டிருந்தால்.

மானியிலிருந்து ஒலிபெருக்கி வரைக்கும் முழு வழியையும் நேரில் சோதிக்கத் தேவையானது ஏறக்குறைய 2.4 லீற்றர் தண்ணீர். 20 சென்றிமீற்றர் புனலில் ஒரு மணி நேரத்துக்குள் மெதுவாக ஊற்றினால் 75 மில்லிமீற்றர். ஏறக்குறையப் பத்து விநாடிக்கு ஒரு டிக். மணி முடிவில் சிவப்பு. தண்ணீர்ப் போத்தலும் பொறுமையும் உள்ள யாராலும் முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்தே செய்யலாம். ஊற்றத் தொடங்குவதற்கு முன்பே அந்த மானியின் ஒவ்வொரு டிக்கும் ஒத்திகை என்று குறிக்கப்படும்படி சேர்வரில் மாற்றிவைக்கவேண்டும். மறந்தால் மணி முடிவில் வரும் சிவப்பு நிஜச் சிவப்பாகிவிடும். அதை அணைத்த பிறகும் அந்த 75 அடுத்த 24 மணி நேரக் கூட்டுத்தொகையில் உட்கார்ந்திருக்கும். அன்று மாலை உண்மையாகவே ஒரு 26 மில்லிமீற்றர் பெய்தாலும் கணக்கு 101ஐத் தொட்டு, கொஸ்லந்தை முழுக்கச் செம்மஞ்சள் ஆகிவிடும்.