பத்து மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு

ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குண்டு எவ்வளவு வேகமாகப் போகும்?" என்பதுதான். விநாடிக்குச் சுமார் 172 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்தில் பாதி என்பேன். "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

போட்டித் துப்பாக்கிக்கு அது போதும். குறி இருப்பது 10 மீட்டர் தூரத்தில். அதன் நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. எடை அரை கிராம் சொச்சம். இங்கே தேவை அதிக வேகமில்லை, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே வேகம்.

பாயான் லெப்பாஸில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குண்டு விநாடிக்கு 175 மீட்டரிலும் அடுத்தது 170 மீட்டரிலும் போனால், இரண்டாவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கீழே இறங்கும். 0.25 மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி குறையும். ஆக, கை அசையாமலே 0.4 புள்ளி போய்விடும்.

அது பெரிய விஷயமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் எடுத்தார். சராசரி 10.5. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது 10ஆவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது முதல் 8 பேர்தான். அந்த உயரத்தில் தசமப் புள்ளிகளே தலைவிதியை எழுதுகின்றன.

வேகம் எப்படிச் சீராகிறது? சிலிண்டரில் 200 பார் வரை காற்று அடைக்கப்படுகிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். சுடச்சுட சிலிண்டரில் அழுத்தம் குறைந்தாலும், ரெகுலேட்டர் உள்ளே போகும் காற்றை ஒரே அளவில் வைக்கிறது. விசையை இழுத்ததும் ஒரு சிறு சுத்தியல் வால்வைத் தட்டித் திறக்கும். அதன் ஸ்பிரிங்கை இறுக்கினால் வேகம் கூடும், தளர்த்தினால் குறையும்.

திருகைத் தொடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கருவியின் மேல் ஒரே பெட்டிக் குண்டுகளில் பத்துப் பதினைந்தைச் சுட்டு, ஒவ்வொன்றையும் எழுதி வைப்போம். சராசரியை விட, மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். வெகுநேரம் சும்மா இருந்த துப்பாக்கியின் முதல் குண்டு மாறுபடலாம். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இடைவெளி அதிகமாக இருந்தால் முதலில் வேறு குண்டுப் பெட்டியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். அது பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. உயர் அழுத்தக் காற்றை வீட்டில் திறந்து பார்ப்பது ஆபத்து. சிலிண்டரின் காலாவதித் தேதியையும் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. அனுமதியின்றி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. எனவே பதிவு பெற்ற மன்றத்தில் சேருங்கள். மன்றத்துத் துப்பாக்கியிலேயே நின்று சுடப் பழகட்டும். நிலையும் மூச்சும் சீரான பிறகு திருகாணியைப் பற்றி யோசிக்கலாம்.