விபத்தும் நஷ்டஈட்டு விசாரணையும்

டாலிகஞ்சில் கட்டட வேலை செய்துவந்த, இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேராத தமிழர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று கொள்வோம். அவர் மனைவி எங்கே முறையிடுவது?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் 1995-இல் செய்த திருத்தம், விபத்து நேர்ந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வழக்கமாக வசிக்கும் ஊரிலும் மனுச் செய்யலாம் என்றது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவ்வுரிமையைக் காத்துள்ளது. ஆகவே, தஞ்சைக்குத் திரும்பி அங்கேயே வாழ்பவர் தவணைதோறும் கல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டுவதில்லை.

விசாரணை அதிகாரி முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பிப் பதில் பெறுகிறார். இரு தரப்புச் சாட்சிகளையும் விசாரிக்கிறார். முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. முக்கியமாக ஆராயப்படுபவை மூன்று: இறந்தவர் அவரிடம் வேலை செய்தாரா? அவ்வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா? அவருடைய கூலியும் வயதும் எவ்வளவு?

முதற் கேள்வியிலேதான் ஏழைகள் இடறுவதுண்டு. "இவர் மேஸ்திரியின் ஆள், என் ஆள் அல்லர்" என்பார் முதலாளி. கட்டடத் தொழில் நடத்துபவர் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தாலும் பொறுப்பு அவரை விடாது. ஆயினும் அங்கே வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். கூலிச் சீட்டு, வருகைப் பதிவேடு, உடன் உழைத்தவரின் வாக்குமூலம் ஆகியவை அதற்கு உதவும்.

மனுச் செய்யக் கெடு இரண்டு ஆண்டு. உடன் உழைத்தவரோ இரண்டு மாதத்தில் வேறு ஊர் போய்விடக்கூடும். ஆதலின், அவருடைய பெயரையும் முகவரியையும் முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்வோமாக.