குடையும் கரணையும்

எகிப்து தேசத்தில், நைல் நதியின் கிழக்குக் கரையில், ஏறக்குறைய 3,300 ஆண்டுகளுக்கு முன் அக்நாத்தன் என்னும் அரசன் தன் தெய்வத்துக்கென்று எழுப்பி, அவன் மறைந்த சில ஆண்டுகளிலேயே பாழாய்ப்போன அமர்னா நகரத்தின் இடிபாடுகளுக்கிடையே, 1891-ஆம் ஆண்டின் இறுதியில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், நாணற்புதர்களும் துள்ளும் கன்றுகளும் பறந்தெழும் வாத்துகளும் தீட்டப்பெற்ற ஓர் அரண்மனைத் தளத்தைக் கண்டெடுத்தார். தொட்டால் உதிரும் அந்த வர்ணங்களைக் காப்பதற்கு அவர் கையாண்ட உபாயம் சமையலறைக்குரியது: மரவள்ளிக்கிழங்கு மாவை நீரில் கரைத்து, தூரிகை பட்டாலும் வர்ணம் பெயர்ந்துவிடுமென்று அஞ்சி, தம் விரலாலேயே சிறிது சிறிதாகத் தடவினார்.

இந்தச் செய்தியை நான் முதன்முதலில் அறிந்துகொண்டது சரித்திர நூல் எதிலும் அன்று. ஒரு மர்ம நாவலில்தான். எலிசபெத் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் 1975-இல் வெளிவந்த ‘கிராக்கடைல் ஆன் தி ஸாண்ட்பேங்க்’ என்னும் அந்த நாவலில், தந்தை விட்டுச்சென்ற செல்வத்தோடும், எவருக்கும் அடங்காத நாவோடும், கையில் ஒரு கனத்த குடையோடும் எகிப்துக்குப் பிரயாணமாகும் 32 வயது அமீலியா பீபடி, எமர்ஸன் என்ற முன்கோபக்கார ஆராய்ச்சியாளர் காய்ச்சலில் விழுந்துகிடக்கும் சமயத்தில், அவர் விட்ட வேலையைத் தான் எடுத்துக்கொண்டு, முழந்தாளிட்டு, அதே மாவுக் கரைசலை விரலால் தடவுகிறாள். கதை நிகழும் காலம் 1880-களின் நடுப்பகுதி. ஆகவே பெட்ரியின் கண்டுபிடிப்பை ஆசிரியை சில ஆண்டுகள் முன்னே நகர்த்திவிட்டார். அந்தச் சுதந்திரத்தை நான் குறையாக எண்ணவில்லை. இரவில் கல்லறைகளிடையே நடமாடும் ‘மம்மி’யைப் பற்றிய திகிலுக்காக அந்நூலைக் கையிலெடுத்த வாசகன், ஒரு சித்திரத்தைக் காப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதையும் அறிந்தவனாக அதைக் கீழே வைக்கிறான்.

இவ்வளவு நுட்பம் கதாசிரியை ஒருவருக்கு எப்படி வாய்த்தது? எலிசபெத் பீட்டர்ஸ் என்பது பார்பரா மெர்ட்ஸ் தம் மகள் எலிசபெத், மகன் பீட்டர் ஆகியோரின் பெயர்களை இணைத்துச் சூட்டிக்கொண்ட பெயர். அவர் சிகாகோ சர்வகலாசாலையில் எகிப்தியல் பயின்று 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனால் பட்டம் கிடைத்ததே தவிர, பதவி கிடைக்கவில்லை. அவளுக்கு உத்தியோகம் தேடித் தர வேண்டிய கவலை நமக்கில்லை, எப்படியும் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவாள் என்ற கருத்தில் ஒரு பேராசிரியர் மற்றொருவரிடம் பேசியது தம் காதில் விழுந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அகழ்வதற்கு ஒரு சாண் நிலமும் தரப்படாத அந்தப் பெண்மணி முதலில் பொதுமக்களுக்காகப் பண்டைய எகிப்தைப் பற்றி 1964-இலும் 1966-இலும் இரண்டு சாஸ்திரீய நூல்களை எழுதினார்; பிறகு அமீலியாவைப் படைத்து, தமக்கு மறுக்கப்பட்ட கரணையை அவள் கையில் கொடுத்தார். இந்த வரிசை நாவல்களை எப்போது படித்தாலும், நகைச்சுவைக்கு அடியில் ஓர் ஏக்கம் இழையோடுவதை என்னால் உணராமலிருக்க முடிவதில்லை.

அமீலியா என்ற பெயருக்கும் பூர்வகதை உண்டு. அமீலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியை, ஐரோப்பாவின் விடாமழைக்குத் தப்பி 1873-இல் எகிப்துக்குள் தற்செயலாகப் புகுந்து, ‘ஃபைலி’ என்ற பாய்மரப் படகில் நைல் நதியில் மேலேறிச் சென்று, கேட்பாரற்றுச் சிதைந்துகொண்டிருந்த கோயில்களைக் கண்டு மனம் வெதும்பித் திரும்பினார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி 1877-இல் ஒரு நூல் எழுதினார். 1882-இல் எகிப்திய அகழ்வாராய்ச்சி நிதி தோன்றுவதற்குக் காரணராக இருந்தார். 1892-இல் இறக்கும்பொழுது, ஆண்களுக்கு நிகராகப் பெண்களுக்கும் கல்வியளித்த லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் எகிப்தியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவுமாறு தம் பொருளை எழுதிவைத்தார். அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் வேறெவருமல்லர், மாவுக் கரைசல் தடவிய பெட்ரியேதான். நாவலின் அமீலியா அமர்த்திக்கொள்ளும் படகுக்கும் ‘ஃபைலி’ என்றே பெயர். அறிந்தவர் அறிந்துகொள்ளட்டும் என்று மெர்ட்ஸ் செலுத்திய வணக்கம் அது.

புதைபொருள் ஆராய்ச்சியும் துப்பறிதலும் இத்தனை இயல்பாக ஒட்டிக்கொள்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கொலை நடந்த அறையில் துப்பறிவோர் வருமுன் பிரேதத்தை நகர்த்திவிட்டால் வழக்கு எப்படி ஊமையாகிவிடுமோ, அப்படியே மண்ணடுக்கிலிருந்து பிடுங்கியெடுத்துச் சந்தையில் விற்கப்பட்ட பொருள், அது பொன்னாலானதாயினும், தன் காலத்தையும் தன்னோடு கிடந்தவற்றையும் பற்றிச் சொல்ல வாயற்றுப் போகிறது. பொற்சிலைகளைத் தேடி மற்றவர்கள் வீசியெறிந்த பானை ஓடுகளின் வடிவ மாறுதல்களை வரிசைப்படுத்தியே கல்லறைகளின் முன்பின் முறையை நிர்ணயிக்கலாம் என்று காட்டியவர் பெட்ரி. (செங்கடற்கரைத் துறைமுகமான குஸேர் அல்-காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட ஓடுகள் அகப்பட்டதை அறிந்த தமிழருக்கு, ஓட்டுச் சில்லின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.) இந்த நாவல்களில் எமர்ஸன் இடியென முழங்குவதெல்லாம், ஓட்டையும் மணியையும் இருந்த இடம் குறிக்காமல் அள்ளுவோர்மீதுதான்; பிரிட்டிஷ் மியூசியத்துக்காகப் பழம்பொருள்களை வாங்கிக் குவித்த வாலிஸ் பட்ஜ் அவருக்கு ஜன்மப் பகைவர்.

அகதா கிறிஸ்டியும் இத்துறையை அறிந்தவரே. அகழ்வாராய்ச்சியாளர் மாக்ஸ் மாலோவனை மணந்து, தொன்மையான தந்தச் சிற்பங்களைத் தம் முகப்பூச்சைக் கொண்டு துலக்கியவர். எனினும் 1936-இல் அவர் எழுதிய மெசொபொட்டேமிய நாவலில் ஆராய்ச்சியாளரின் மனைவி கொலையுண்டு கிடக்கிறாள். துப்பறிய ஓர் ஆண்மகன் வருகிறான். குழிக்குள் இறங்கித் தானே மண்ணைக் கிளறித் தானே மர்மத்தையும் அவிழ்க்கும் அமீலியா எனக்கு அதிகப் பிரியமானவளாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இக்கதைகளில் உறுத்துவதும் உண்டு. ஆளும் சாதியில் பிறந்தவள் என்ற தோரணை அமீலியாவிடம் ஆரம்பத்தில் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் ஆசிரியை அதை அப்படியே விட்டுவிடவில்லை. எகிப்திய மேஸ்திரி அப்துல்லா நாவலுக்கு நாவல் வளர்ந்து, அமீலியாவின் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரியவராகிறார். அவருடைய பேரன் டேவிட், எமர்ஸன் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பும்போது, நியாயவாதியென்று தன்னைப் பற்றி நம்பியிருந்த அமீலியா, தன் நெஞ்சிலும் துவேஷத்தின் வேர் கிடப்பதைக் கண்டு வெட்குகிறாள். பெட்ரி பழக்கிய குஃப்த் ஊர்த் தொழிலாளரின் சந்ததியினர் தலைமுறை தலைமுறையாக எகிப்தின் அகழ்வுக் களங்களில் மேஸ்திரிகளாக விளங்கியும், அவர்கள் பெயர் நூல்களின் அட்டைகளில் ஏறியதில்லை. அவர்களுக்கு ஒரு முகத்தை இந்தக் கதை தந்தது.

முதல் நாவலில் அந்தச் சித்திரத் தளம் ஓரிரவில் உடைத்து நாசமாக்கப்படுகிறது. உண்மையிலும் அது 1912-இல் அழிந்தது. பார்க்க வந்த பிரயாணிகள் தன் பயிரை மிதித்துத் துவைத்ததைப் பொறாத ஒரு குடியானவன் அதைச் சிதைத்தான். அதே 1912-இன் டிசம்பரில், அதே அமர்னாவில், ஜெர்மானியர்கள் நெஃபர்டிட்டி அரசியின் வர்ணத் தலையை மண்ணிலிருந்து எடுத்தார்கள். மெர்ட்ஸ் தம் கடைசி நாவலுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் அந்தத் தலைதான். அதை எழுதி முடிக்காமலே 2013 ஆகஸ்டில் அவர் காலமானார். அவருடைய சிநேகிதி ஜோன் ஹெஸ் மீதியை எழுதி நிறைவு செய்ய, 2017-இல் அது வெளிவந்தது. அமீலியா மறுபடியும் தன் குடையோடு அமர்னாவுக்கு வந்து சேர்ந்தாள்.