அச்சு முறுக்குக்கு ஸ்பெயினில் ஓர் உறவு

டிசம்பர் பிறந்துவிட்டால் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் பாத்திரக் கடைகளில் அச்சு முறுக்கு அச்சைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். நீளக் கம்பி, அதன் நுனியில் இதழ் விரித்த இரும்பு அல்லது பித்தளை வார்ப்பு. இதே கருவி ஸ்பெயினின் லா மான்சா பகுதியிலும் வீட்டுக்கு வீடு உண்டு. கார்னிவல் நாட்களிலும் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலும் அதை எடுப்பார்கள். மைதா, முட்டை, பால், கொஞ்சம் சோம்பு வாசனை சேர்த்துக் கரைத்த மாவில் அச்சை நனைத்துப் பொரித்து, மேலே சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவுவார்கள். சில ஊர்களில் தேனில் முக்குவார்கள். அந்தப் பலகாரத்துக்குப் பெயர் ‘புளோரேஸ்’, அதாவது பூக்கள். ஸ்பானியப் பலகாரம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆலிவ் எண்ணெய்க்கு விலை விசாரிக்கிறார்கள். அது வீண் செலவு. நம் அச்சு முறுக்கு அந்தப் பூவேதான்; கடலோரக் காற்றுக்கும் நம் மளிகைச் சாமானுக்கும் ஏற்ப மாறிய பூ.

உறவு எப்படி வந்தது என்று கேட்டால், கை போர்ச்சுக்கீசியரைத்தான் காட்டும். பரங்கிமலை உச்சியில் 1523-இல் அவர்கள் கோயில் கட்டினார்கள். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே அரசர். பிற்பாடு பரங்கிமலை ராணுவக் குடியிருப்பு, பல்லாவரம் வெட்டரன் லைன்ஸ், ரயில்வே வேலை என்று இந்தப் பக்கம் வேர்விட்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் என்றால் கல்கல், ‘ரோஸ் குக்கீஸ்’ என்று அவர்கள் சொல்லும் அச்சு முறுக்கு இரண்டும் கட்டாயம். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சுவீடனிலும் துருக்கியிலும் ஈரானிலும் இதே அச்சு இருக்கிறது. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் கொக்கிஸை டச்சுக்காரர் கணக்கில் எழுதுகிறார்கள். கப்பல் யாருடையது என்பதை வரலாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் வாதத்துக்கு அது தேவையில்லை. இரண்டு மாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

அங்கே மைதா, இங்கே பெரும்பங்கு பச்சரிசி மாவு. அங்கே பசும்பால்; இங்கே தேங்காய்ப்பால். அங்கே இனிப்பு வெளியே. இங்கே சர்க்கரை மாவுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. மூன்றுக்கும் காரணம் சொல்லலாம். லா மான்சா வறண்ட மேட்டுநிலம். தாம்பரத்தில் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் வால். தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். அதோடு காற்றின் ஈரத்தையும் அது இழுக்கும். தேனில் முக்கிய மெல்லிய பூ இங்கே ஒரு பொழுது தாங்காது, நமத்துப் போகும். இனிப்பை மாவுக்குள் அடக்கியது அந்த வகையில் நல்ல யோசனை. அரிசி மாவில் மைதாவின் இழுவைப் பசை கிடையாது. அதனால் வெந்தது கடக்கென்று உடைகிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு அந்த முறுகலுக்குத் துணை நிற்கிறது. பசையில்லாத மாவைப் பிடித்து வைக்கத்தான் முட்டை. தீபாவளிக்கு முட்டையில்லாமல் செய்கிற வீடுகளில் மைதாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதும் அதற்காகவே.

அளவு சொன்னால்: இரண்டு கப் பச்சரிசி மாவு, அரை கப் மைதா, அரை கப்புக்குச் சற்று மேல் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, ஒன்றரை கப் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் கறுப்பு எள். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும். மாவு சரியாக இருந்தும் தோற்பவர்கள் அச்சின் சூட்டில்தான் தோற்கிறார்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். எடுத்து, சொட்டும் எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் நனைக்க வேண்டும். சூடு சரியாக இருந்தால் ‘சுர்’ரென்று ஓசை வரும், அச்சைத் தொட்ட மாவு உடனே இறுகி ஒட்டிக்கொள்ளும். ஆறிய அச்சில் மாவு பிடிக்காமல் வழியும். அளவுமீறிக் காய்ந்த அச்சில் ஒட்டாமலே வெந்து கிண்ணத்துக்குள் உதிரும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டாலோ தொப்பி மாட்டியதுபோல் இறுகிக்கொள்ளும், கத்தி வைத்து நெம்பினால்தான் வரும். எண்ணெயில் இறக்கியதும் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் பூவை அச்சிலிருந்து தள்ளுகிறது. அந்த நேரத்தில் லேசாக ஆட்டினால் தானே கழன்றுவிடும். புது அச்சை ஓர் இரவு எண்ணெயில் ஊறப் போட்டுப் பழக்க வேண்டும்.

பாக்கெட் போட்டு எல்லாக் கடையிலும் விற்கிறதே, இத்தனை பாடு எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். எண்ணெயில்தான் பதில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. பாக்கெட்டைப் பார்த்து அந்த எண்ணெயின் வயதைச் சொல்ல முடியுமா? வீட்டில் முடியும். பொரித்த பண்டம் உடம்புக்கு ஆகாது என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது, அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருந்தால் பூ சீக்கிரம் வெந்துவிடும், குறைவாகக் குடிக்கும். அதற்குக் கீழே போனால்தான் பிழியப் பிழிய எண்ணெய். பண்டிகைக்குப் பண்டிகை செய்வதற்கு இது போதும்.

ஸ்பானியச் சுவையே வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டலூசியாவின் ‘பெஸ்டினோ’ இருக்கிறது. எள்ளும் சோம்பு இனத்து விதையும் பொரித்து ஆறிய ஆலிவ் எண்ணெய், வெள்ளை ஒயின், மைதா சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, எதிரெதிர் மூலைகளை நடுவில் ஒட்டிப் பொரித்துத் தேனில் புரட்டுவது. ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெய் போடலாம். எள் ஏற்கெனவே அதில் இருக்கிறது. நம் சோம்பிலும் அவர்கள் விதையிலும் மணம் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள். ஒயினுக்குப் பதில் ஆரஞ்சுச் சாறும் சில சொட்டு எலுமிச்சையும். தேனை மட்டும் பரிமாறும் நேரத்தில் ஊற்றுங்கள். வெறும் பெஸ்டினோவை ஆறவிட்டு, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வையுங்கள்.