புயல் திறந்துவிடும் கரை: 1715ஆம் ஆண்டுக் கப்பல் அணியும் புதையல் தேடலும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலை நோக்கிய கிழக்குக் கரையில், செபாஸ்டியன் முகத்துவாரத்தை ஒட்டித் தொடங்கி வீரோ பீச், போர்ட் பியர்ஸ் ஆகிய ஊர்களின் வழியே தெற்கே நீளும் பகுதிக்குப் 'புதையல் கரை' என்ற பெயர் வழங்குகிறது. 1715ஆம் ஆண்டில் ஒரே இரவில் அங்கே உடைந்து சிதறிய ஸ்பானியக் கப்பல்களின் பொன்னும் வெள்ளியும், மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னும், பெரும்புயல் கரையை அறுத்துச் செல்லும் காலங்களில் மணலுக்கு வெளியே தலைகாட்டுகின்றன. புயல் ஓய்ந்த மறுநாள் விடியலிலேயே மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகம் காட்டும் கருவியுடன் பலர் அக்கரையில் கூடிவிடுகிறார்கள். இத்தேடலில் கிட்டும் நாணயங்களின் விலையே செய்திகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் அக்கப்பல் அணி எவ்வாறு மறக்கப்பட்டு மீண்டும் அறியப்பட்டது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு நாணயம் எங்கே, எதனுடன், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற செய்தி அந்த நாணயத்தின் உலோகத்தைவிட அரியது என்பது விளங்கும்.

கப்பல்கள் கவிழ்ந்த இரவு

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மெக்சிகோ, பெரு முதலிய குடியேற்ற நாடுகளின் சுரங்கங்களில் கிடைத்த வெள்ளியும் தங்கமும் ஸ்பெயின் அரசின் உயிர்நாடியாக இருந்தன. கடற்கொள்ளையருக்கும் எதிரி நாடுகளுக்கும் அஞ்சி, இச்செல்வத்தை ஏற்றிய கப்பல்கள் தனித்துச் செல்லாமல், பீரங்கி தாங்கிய காவற்கப்பல்களுடன் அணியாகச் சேர்ந்தே கடலைக் கடந்தன. ஸ்பானிய அரியணைக்கு உரியவர் யார் என்பது குறித்து 1701இல் மூண்ட போர் பல ஆண்டுகள் நீடித்து இப்பயணங்களைத் தடைப்படுத்தியதால், 1715ஆம் ஆண்டு வாக்கில் ஐந்தாம் பிலிப் மன்னரின் கருவூலம் வறண்டிருந்தது. எனவே ஹவானா துறைமுகத்தில் திரண்டிருந்த கப்பல்கள், புயல் பருவம் தொடங்கிவிட்டிருந்தும், ஜூலை 24 அன்று புறப்பட்டன. மெக்சிகோவிலிருந்து வந்த அணிக்கு ஹுவான் எஸ்தேபன் தெ உபில்லாவும், தென்னமெரிக்காவின் வடகரையிலிருந்து வந்த அணிக்கு அன்டோனியோ தெ எச்செவெர்ஸும் தலைமை தாங்கினர். இவர்களுடைய 11 கப்பல்களோடு 'கிரிஃபோன்' என்ற பிரெஞ்சுக் கப்பலும் சேர்ந்துகொண்டது.

புளோரிடாவுக்கும் பகாமா தீவுகளுக்கும் இடையே வடக்கு நோக்கி விரையும் கடல்நீரோட்டத்தைப் பற்றிக்கொண்டு செல்வதே அக்காலத்து வழி. ஜூலை 30ஆம் நாள் இரவும் 31ஆம் நாள் அதிகாலையும் கிழக்கிலிருந்து வீசிய சூறாவளி கப்பல்களைக் கரைநோக்கித் தள்ளியது. பாய்களைச் சுருட்டியும் நங்கூரமிட்டும் பயனின்றி, கரையையொட்டி நீருக்குள் கிடந்த பாறைத்திட்டுகளில் மோதி 11 ஸ்பானியக் கப்பல்களும் அழிந்தன. பிரெஞ்சுக் கப்பல் மட்டும் தப்பியது. உபில்லா உள்ளிட்டு ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். உயிர் பிழைத்தோர், உடைந்த பலகைகளையும் பாய்த்துணியையும் கொண்டு கரையிலேயே குடில் அமைத்துத் தங்கினர்.

அரசு வாளாவிருக்கவில்லை. ஹவானாவிலிருந்து படகுகளும் மூழ்காளிகளும் அனுப்பப்பட்டு, மூச்சடக்கி மூழ்கியே பெருமளவு வெள்ளி மீட்கப்பட்டது. அச்செய்தி பரவியதும், ஜமைக்காவிலிருந்து வந்த கடற்கொள்ளையர் ஹென்றி ஜென்னிங்ஸ், விபத்து நடந்த சில மாதங்களுக்குள், கரையில் ஸ்பானியர் அமைத்திருந்த மீட்பு முகாமைத் தாக்கிக் கொள்ளையிட்டார். மணல் மூடிய எஞ்சிய பொருள்களைக் கைவிட்டு, சில ஆண்டுகளில் ஸ்பானியரும் முகாமைக் கலைத்தனர். முகாம் இருந்த அவ்விடத்தில் இன்று மெக்லார்ட்டி புதையல் அருங்காட்சியகம் நிற்கிறது.

மணல் இடம்பெயரும் முறை

புயல் ஏன் நாணயத்தை வெளிக்காட்டுகிறது என்பதற்கு விடை, அலை மணலைக் கையாளும் முறையில் உள்ளது. அமைதியான பருவத்தில் நீண்ட இடைவெளியில் வரும் தாழ்ந்த அலைகள் மணலைக் கரைக்குக் கொண்டுவந்து மேடாகச் சேர்க்கின்றன. புயற்காலத்தில் அடுத்தடுத்து மோதும் செங்குத்தான அலைகள் அம்மேட்டை அறுத்து, மணலைச் சற்றுத் தொலைவில் நீருக்கடியில் திட்டாகக் குவிக்கின்றன. அப்போது கரையோர மணற்குன்றின் அடிவாரம் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நின்றுவிடுகிறது; தேடுவோர் இதனை 'வெட்டு' என்றே சொல்லுகின்றனர். சாதாரண மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் கனிமம் நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தியுடையது, வெள்ளி 10.5 மடங்கும் தூய தங்கம் 19.3 மடங்கும் அடர்த்தியுடையவை. ஆகவே மணலை அள்ளிச் செல்லும் அலை கனமான உலோகத்தை விட்டுச் செல்கிறது. மணல் கரையக் கரைய அது கீழே இறங்கி, களிமண்ணோ கிளிஞ்சல் இறுகிய பாறையோ குறுக்கிடும் தளத்தில் தங்குகிறது.

இதே வகைப்படுத்தலால்தான் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட், மோனசைட் முதலிய கனமான தாதுக்கள் கருமணலாகத் திரண்டு கிடக்கின்றன. புளோரிடாவிலும் கரையில் கருமணல் கோடிட்டுக் கிடப்பதைக் கண்டால், கனமான பொருள்கள் அங்கே ஒதுங்கியிருக்கக்கூடும் என்று அனுபவமுள்ளோர் கணிக்கின்றனர்.

இவ்வாய்ப்பு நீடிப்பதில்லை. கடல் அமைதியடைந்ததும் நீருக்கடியில் குவிந்த மணல் சில வாரங்களில் கரைக்கே திரும்பி வெட்டை மூடிவிடுகிறது; வீடுகளையும் சாலைகளையும் காக்க வேண்டி ஊராட்சிகள் வேறிடத்து மணலைக் கொட்டிக் கரையை உயர்த்தும்போது அது இன்னும் விரைவில் மறைகிறது. 2004 செப்டம்பரில் பிரான்சிஸ், ஜீன் என்ற இரு சூறாவளிகள் மூன்றே வார இடைவெளியில் இக்கரையின் ஹட்சின்சன் தீவுப் பகுதியிலேயே கரையேறின. 2022 நவம்பரில் நிக்கோல் புயலும் அதற்கு வடக்கே உள்ள வட ஹட்சின்சன் தீவைத் தாக்கியது. இப்புயல்கள் வீடிழப்பையும் பெருஞ்சேதத்தையும் ஏற்படுத்தியவை என்பதை, புதையற்செய்திகளைப் படிப்போர் மறந்துவிடலாகாது.

ஆண்டு எண்கள் சொன்ன செய்தி

இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இக்கப்பல்கள் கிடந்த இடத்தைப் பற்றிய தெளிவான அறிவு மறைந்து போயிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செபாஸ்டியன் பகுதியில் குடியேறிய கிப் வாக்னர் என்ற கட்டட ஒப்பந்ததாரர், புயலுக்குப் பின் கரையில் கிடைத்த வெள்ளித் துண்டுகளைச் சேர்த்து ஒப்புநோக்கியபோது, அவற்றில் எதுவும் 1715ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டதாக இல்லை என்பதைக் கவனித்தார். பல தலைமுறைகளாகக் கடல் இறைத்த உதிரிக் காசுகளாயின் ஆண்டுகள் பலவாறு கலந்திருக்க வேண்டும். ஒரே ஆண்டோடு அவை நின்றுவிடுவது ஒரே விபத்தையே சுட்டுகிறது என்று அவர் முடிவுகட்டினார். அவருடைய நண்பரான மருத்துவர் கிப் கெல்சோ, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெர்னார்ட் ரோமன்ஸ் 1775இல் வெளியிட்ட புளோரிடா பற்றிய நூலையும் வரைபடத்தையும் கண்டெடுத்தார். 1715ஆம் ஆண்டுக் கப்பல் அணி செபாஸ்டியன் ஆற்றுக்கு எதிரே அழிந்தது என்ற குறிப்பு அதில் இருந்தது. ஸ்பெயினின் செவில் நகரில் குடியேற்ற நாடுகளின் ஆவணங்களைப் பாதுகாக்கும் காப்பகத்திலிருந்து பெற்ற படிகளும் அதனை உறுதிசெய்தன. போரில் பயன்பட்டு மலிவாக விற்கப்பட்ட கண்ணிவெடி காட்டும் கருவியைக் கொண்டு பழைய முகாமின் இருப்பிடத்தை வாக்னர் கண்டறிந்தார்.

அந்த வெள்ளித் துண்டுகள் எளிதில் அடையாளம் காணத்தக்கவை அல்ல. மெக்சிகோ நகர அக்கசாலையில், அதாவது அரசு நாணயச் சாலையில், வெள்ளிக் கட்டியின் நுனியை வெட்டி, உரிய எடை வரும்வரை ஓரங்களைக் கத்தரித்து, இரு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடித்து அவை செய்யப்பட்டன. எட்டு ரியால் மதிப்புள்ள பெரிய காசு ஏறத்தாழ 27 கிராம் எடையுடன் கோணல்மாணலாக இருக்கும். ஒரு பக்கத்தில் சிலுவை, மறுபக்கத்தில் அரசமுத்திரை, அதன் அருகே மெக்சிகோவைக் குறிக்கும் 'எம்' எழுத்தும் அதன் தலைமேல் சிறு வட்டமும் இருக்கும். அச்சு விலகி விழுந்தால் ஆண்டு எண் தகட்டுக்கு வெளியே போய்விடும் என்பதால், முழு ஆண்டு தெரியும் காசு அரிது. தங்கம் கடலில் நிறம் மாறுவதில்லை. வெள்ளியோ உப்புநீரில் கருத்து, சல்பைடு படிந்து, துருப்பிடித்த தகரத்துண்டுபோல் தோன்றும். மின்னோட்டத்தின் துணையால் படிவை நீக்கும் முறைகளால் ஆய்வகத்தில் அதனைச் சீராக்கலாம். அவசரப்பட்டுச் சுரண்டினால் எழுத்துகளே அழிந்துவிடும்.

வாக்னரும் நண்பர்களும் நிறுவிய 'ரியல் எய்ட்' என்ற புதையல் மீட்பு நிறுவனத்துடன் 1963இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த மெல் ஃபிஷரின் குழு இணைந்தது. 1964 மே மாதத்தில் போர்ட் பியர்ஸ் அருகே ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகள் கிட்டின. 2015இல், விபத்தின் 300ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, சுமார் 45 லட்சம் டாலர் மதிப்புள்ள பொற்காசுகள் மீட்கப்பட்டன. மன்னருக்கு அளிப்பதற்கென்றே முழு வட்டமாக அச்சிடப்பட்ட 'ராயல்' என்னும் அரிய காசுகளும் அவற்றுள் அடங்கும்.

கருவிகளும் அவற்றின் விளைவும்

கரையில் பயன்படும் மெட்டல் டிடெக்டரில் ஒரு கம்பிச்சுருள் காந்தப்புலத்தை எழுப்புகிறது. புதைந்த உலோகத்தில் அதனால் உண்டாகும் மின்னோட்டம் திருப்பியனுப்பும் மெல்லிய அடையாளத்தைக் கருவி ஒலியாக மாற்றுகிறது. உப்புநீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரணக் கருவிகள் தடுமாறும். விட்டுவிட்டுத் துடிப்பாக மின்னோட்டம் செலுத்தும் வகை அங்கே ஏற்றது. கடலடியில் தேடும்போது, பூமியின் காந்தப்புலத்தில் இரும்பு ஏற்படுத்தும் மாறுதலை அளக்கும் காந்தமானியைப் படகின் பின்னே இழுத்துச் செல்கின்றனர். மரத்தைத் துளைத்துத் தின்னும் கடல்வாழ் உயிரினங்கள் பெரும்பாலான மரக்கலத்தை அரித்துவிட்ட நிலையில், நங்கூரம், பீரங்கி, கப்பல் சாயாதிருக்க அடித்தளத்தில் அடுக்கிய பாரக்கற்கள் ஆகியவையே அது கிடந்த இடத்தைக் காட்டும் சான்றுகளாக எஞ்சுகின்றன.

1960களில் ஃபிஷரின் குழு 'தபால்பெட்டி' என்று பெயர் பெற்ற சாதனத்தைப் பயன்படுத்தியது. படகின் விசிறிக்குப் பின்னே பொருத்திய வளைந்த குழாய், விசிறி தள்ளும் நீரைக் கீழ்நோக்கித் திருப்பி மணலில் பெருங்குழி பறித்துவிடும். தெளிந்த மேல்நீரை அடிக்குக் கொண்டுவரக் கருதிய அச்சாதனம் தோண்டும் கருவியாகவே மாறிற்று. சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனால் காசுப்பெட்டி எந்தப் பலகையின்மேல் இருந்தது, மாலுமியின் பாத்திரம் எதன் அருகில் கிடந்தது, கப்பல் எப்பக்கமாகச் சாய்ந்தது என்று சொல்லக்கூடிய அடுக்குகளும் அந்நீரில் கலைந்துபோயின. பதிவேட்டில் காட்டாமல் கடத்தப்பட்ட பொன், பயணிகளின் உணவு, கப்பல் கட்டிய முறை ஆகிய வினாக்களுக்கு ஆவணங்கள் விடை தருவதில்லை. கலையாத கடலடி ஒன்றே தரும்.

யாருக்கு உரியது

புளோரிடாவின் பொதுக் கடற்கரைகள் பலவற்றில் உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டு உலர்மணலில் தேடலாம்; கடல் ஏற்றத்தின் சராசரிக் கோட்டுக்குக் கீழுள்ள நிலமும் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையிலான கடலடியும் மாநில அரசின் உடைமை. 1715ஆம் ஆண்டுக் கப்பல்களை மீட்கும் உரிமை கூட்டாட்சி நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஒரு நிறுவனத்திடம் உள்ளது. கண்டெடுத்தவற்றில் 20 விழுக்காடு வரை மாநில அரசு தன் அருங்காட்சியகங்களுக்காக எடுத்துக்கொள்ளலாம். இவ்வேற்பாடு நேர்மையான கணக்கை நம்பியே நிற்கிறது. 2015இல் ஒப்பந்தக் குழுவொன்று எடுத்த 101 தங்கக் காசுகளில் 50 காசுகள் மறைக்கப்பட்டன; அவற்றுள் 37 காசுகளைப் புலனாய்வாளர்கள் 2024இல் மீட்டனர். மறைத்தவற்றில் மூன்றைத் திரும்பக் கடலில் போட்டு, புதிதாகக் கண்டெடுத்ததுபோல் காட்டி முதலீட்டாளரை நம்பவைக்கவும் முயன்றிருந்தனர். காசுகளில் பெரும்பாலானவை திரும்பின; ஆனால் அவை கிடந்த இடத்தின் உண்மை முழுமையாகத் திரும்ப வழியில்லை.

மாற்று வழியும் அதே கரையில் உள்ளது. போர்ட் பியர்ஸ் அருகே கிடக்கும் 'உர்கா தெ லிமா' என்ற கப்பலை 1987இல் மாநிலத்தின் முதல் கடலடித் தொல்லியல் காப்பகமாக அறிவித்தனர்; எவரும் நீந்திச் சென்று பார்க்கலாம், எதையும் எடுக்கலாகாது. 2022இல் நிக்கோல் புயலுக்குப் பின் டேடோனா பீச் ஷோர்ஸ் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மரக்கலத்தின் விலாச் சட்டங்கள் வெளிப்பட்டபோது, தொல்லியலாளர்கள் அளந்து வரைந்தபின் அதனைப் பெயர்க்காமல் மணலிலேயே விட்டனர். காற்றும் வெயிலும் படாத ஈரமணலே மரத்துக்கு ஏற்ற காப்பு. கடலடிப் பண்பாட்டுச் செல்வத்தைக் காப்பதற்கென யுனெஸ்கோ 2001இல் உருவாக்கிய உடன்படிக்கையும், கிடந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாக முன்வைத்து, வணிக நோக்கில் தோண்டி விற்பதை மறுக்கிறது.

இவற்றால் பொதுமக்களுக்குத் தேடல் மறுக்கப்பட்டுவிடவில்லை. கரையை நாள்தோறும் அறிந்தவர்களே புயல் திறந்த வெட்டை முதலில் காண்கிறார்கள். அவர்களுடைய கண்கள் தொல்லியலுக்குத் தேவை. ஆமை முட்டையிடும் பருவத்தில் கூடுகளை நெருங்காமலும், மணற்குன்றின் வேர்ப்பிடிப்பைக் கெடுக்காமலும், எலும்புகள் தென்பட்டால் கைவைக்காமல் காவல்துறைக்குத் தெரிவித்தும் நடக்கும் எவரும், கிடைத்த பொருளை அசைக்குமுன் படமெடுத்து, இடத்தைக் குறித்து, நாளை எழுதி, மாநிலத் தொல்லியல் அலுவலகத்திடம் சொல்லிவிடலாம். வாக்னர் ஒரு காசின் விலையை மட்டும் பார்த்திருந்தால் பதினோரு கப்பல்களின் கதை வெளிவந்திராது. ஆண்டையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்ததால்தான் வெளிவந்தது. அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்பவரே, அடுத்த புயல் திறந்துவிடும் கரையிலிருந்து எல்லோருக்கும் பயன்படும் அறிவை எடுத்துவர முடியும்.