பூட்டிய அலமாரி

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரிடம், "எங்கள் நூல்நிலையத்தில் இத்தனை ஆயிரம் புத்தகங்கள்!" என்று பெருமையுடன் சொல்வார்கள். கேட்கவும் இனிமையாய்த்தான் இருக்கும். ஆனால் எண்ணிக்கை மட்டும் ஒரு நூல்நிலையத்துக்கு ஜீவன் அளித்துவிடுமா?

நான் படித்த கலாசாலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் அணிவகுத்து நின்றன. புத்தகங்களைக் கண்ணால் காணலாம். கையால் தொட முடியாது. காரணம் பிற்பாடுதான் விளங்கிற்று. வருஷாந்தரக் கணக்கில் ஒரு புத்தகம் குறைந்தாலும் நூல்நிலைய அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். படிக்கப்படாமல் கிடந்த புத்தகத்துக்கோ எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஆகவே, இராமபாணப் பூச்சி ஒன்றுதான் அங்கே தடையின்றி வாசித்து வந்தது!

சென்னைச் சர்வகலாசாலையின் நூல்நிலையத் தலைமையை 1924-ல் ஏற்றவர், சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பது. நூல்நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. அலமாரியின் பூட்டைத் திறக்க முதல் விதியே போதும்.

வளரும் உயிருக்கு ஆகாரம் அளவறிந்து இடவேண்டும் அல்லவா? ஒவ்வொரு துறை ஆசிரியரும் தமக்கு வேண்டிய நூல்களைப் பட்டியலிட்டுத் தருகிறார். கையிருப்புப் பணமோ சொற்பம். ஆகையால், முன்பே பிரதி இருக்கிறதா, புதிய பதிப்பு வந்துள்ளதா, மாணவர்கள் கேட்டு ஏமாந்து திரும்பிய நூல் எது என்றெல்லாம் ஆராய்ந்தே வாங்கவேண்டும். வருஷக் கடைசியில், பணம் திரும்பிப் போய்விடுமே என்று அவசரமாய் வாங்கும் புத்தகங்களே பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கின்றன. இன்று கணினி வழியே படிக்கும் சஞ்சிகைகளும் வந்துவிட்டன. அவற்றுள் பல, சந்தா நின்றதும் கைவிட்டுப் போய்விடும்.

களைவதும் பராமரிப்பே. காலங்கடந்த வைத்திய நூலும் சட்ட நூலும் மாணவனை வழிதவறச் செய்யும். ஆனால் பழுப்பேறியது என்பதற்காகவே ஒரு பழந்தமிழ்ப் பதிப்பை எடைக்குப் போட்டுவிட்டால், மறுபடி எந்தக் கடையில் வாங்குவது? அதைத் தைத்து, அட்டை கட்டிக் காப்பாற்றுவதல்லவா கடமை?

பெற்றோர்களே! அடுத்த முறை புத்தகங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். "என் பெண் தானே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டலாமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலிலே கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.